அடல் டிங்கரிங் லேப் பெட்டி: உப்புக் காற்றில் எது நிற்கும், எது நிற்காது

கடற்கரைப் பள்ளி ஒன்றுக்கு அடல் டிங்கரிங் லேப் வந்து இறங்கினால் முதல் மாதம் கல்யாண வீடுதான். தெர்மோகோல் பொதி, புது பிளாஸ்டிக் வாடை, ரோபோ ஓடுவதைப் பார்க்க ஜன்னல் கம்பியில் தொங்கும் ஆறாம் வகுப்பு. அந்த மாதத்தை வைத்து எதையும் எடைபோட முடியாது. இரண்டு வாடைக்காலம் போன பிறகு அதே அலமாரியைத் திறந்து பார்க்க வேண்டும். மண்டபம், பாம்பன், கீழக்கரை, தொண்டி காற்றில் இந்தப் பெட்டி எப்படி உழைக்கிறது என்பதைப் பொருள் பொருளாகப் பிரித்துச் சொல்கிறோம்.

திட்டத்தைப் பற்றித் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. நிதி ஆயோக்கின் கீழ் 2016-ல் வந்த அடல் இன்னோவேஷன் மிஷன், 6 முதல் 12-ஆம் வகுப்புப் பிள்ளைகள் தாங்களே கருவி செய்து பழகுவதற்காக இந்த லேப்களைத் தருகிறது. பள்ளிக்கு மொத்தம் 20 லட்சம் ரூபாய்: 10 லட்சம் லேபை அமைக்க ஒரே முறை, மீதி 10 லட்சம் 5 வருடப் பராமரிப்புக்கு. நாட்டில் 10,000 லேப்புக்கு மேல் வந்துவிட்டன. 2025-26 பட்ஜெட்டில் அரசுப் பள்ளிகளுக்கு 5 வருடத்தில் இன்னும் 50,000 என்று அறிவித்திருக்கிறார்கள். ராமநாதபுரம் 2018-லிருந்தே மத்திய அரசின் முன்னேற விழையும் மாவட்டப் பட்டியலில் இருக்கிறது. ஆகவே இனி விண்ணப்பிக்கப்போகும் தலைமை ஆசிரியர்களை மனதில் வைத்தே எழுதுகிறோம்.

கருவிகள் நான்கு தொகுப்பாக வரும். பி1 எலெக்ட்ரானிக்ஸ், ரோபோ, சென்சார். பி2 முப்பரிமாண பிரிண்டர் வகை. பி3 கைக்கருவிகளும் அளவுக் கருவிகளும். பி4 மின்சாரம், பாதுகாப்புச் சாமான்கள். பட்டியல் நாடு முழுவதற்கும் ஒன்று. குறை அங்கேயே தொடங்குகிறது: கோயம்புத்தூரில் ஐந்து வருடம் உழைக்கும் சாமான் பாம்பனில் ஐந்து வருடம் உழைக்காது.

உப்பு என்ன செய்கிறது என்று தெரிந்தால்தான் அதைத் தடுக்க முடியும். காற்றில் வரும் உப்புத் தூசி எலெக்ட்ரானிக் போர்டின் மேல் படிகிறது. பகலில் ஒரு கேடும் இல்லை. ராத்திரி ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டியதும் அந்த உப்பு காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்துக் கரைசலாகிவிடும். போர்டில் ஒயர் மாட்டும் உலோகக் கால்களைப் பின் என்பார்கள்; பக்கத்துப் பக்கத்து இரண்டு பின்களுக்கு நடுவே அது ஒரு பாலம். அந்த நேரம் பேட்டரியும் மாட்டியே இருந்தால் மின்பகுப்பு நடந்து ஒரு பின்னில் பச்சைக் களிம்பு பூக்கும். இன்னொரு பின் கறுத்து மெலியும். ஆகவே முதல் விதி: வகுப்பு முடிந்ததும் பேட்டரியைக் கழற்றுங்கள். இந்த ஒரு பழக்கமே பாதி போர்டுகளைக் காப்பாற்றும்.

இரண்டாவது, பெட்டியோடு வரும் அட்டையைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். அட்டை ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும். ரப்பர் வளையம் வைத்த, நான்கு பக்கமும் கிளிப் உள்ள 10 லிட்டர் சமையலறை டப்பா போதும். உள்ளே 100 கிராம் சிலிக்கா ஜெல். ஆரஞ்சு மணிகள் நிறம் மாறினால் ஒரு பழைய இரும்புச் சட்டியில் சின்னத் தீயில் வறுத்து மறுபடி போடலாம். சத்துணவுச் சட்டியில் வேண்டாம். நீல மணிகளில் கோபால்ட் உப்பு இருக்கும் என்பதால் பள்ளிக்கு அவை வேண்டவே வேண்டாம். களிம்பு பிடித்த பின்களை 99 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் பழைய பல் துலக்கியும் கொண்டு தேய்த்து, கால் மணி நேரம் காற்றாடிக்கு அடியில் வைத்தால் போதும். கையில் பூசும் சானிடைசர் ஆகாது. அதில் தண்ணீரும் பசையும் கலந்திருக்கும்.

இனி சாமான்கள்.

சென்சாரையும் மோட்டாரையும் ஆட்டிவைக்கும் குட்டிக் கணினியான அர்டுயினோ உனோ போர்டுக்கு எங்கள் மதிப்பெண் 5-க்கு 4. முரட்டு உழைப்பாளி. தப்பாக ஒயர் மாட்டினாலும் பெரும்பாலும் மன்னித்துவிடும். பல லேப்களில் இருப்பது நகல் போர்டு. அதிலொன்றும் தவறில்லை, ஆனால் அதில் சிஎச்340 என்ற யுஎஸ்பி சிப் இருக்கும். கணினியில் அதற்கான டிரைவர் மென்பொருள் போடாவிட்டால் போர்ட் பட்டியலில் பெயரே வராது. ‘போர்டு செத்துவிட்டது’ என்று ஓரங்கட்டியவற்றில் இந்த ஒரு காரணத்துக்காகவே கிடப்பவை நிறைய. அடுத்த சந்தேகம் கேபிள் மேல் வர வேண்டும். யுஎஸ்பி வாயில்தான் துரு முதலில் ஏறும்.

ஜம்பர் ஒயரும், அதைச் செருகிச் சர்க்யூட் கட்டும் துளைப் பலகையான பிரெட்போர்டும் இங்கே உதிரிப் பொருள்தான், கருவி அல்ல. பிரெட்போர்டின் உள்ளே இருக்கும் கிளிப் துருப்பிடித்தால் வெளியே தெரியாது. சர்க்யூட் சரியாகவே இருக்கும், ஆனால் ஒரு நேரம் ஓடும், ஒரு நேரம் ஓடாது. பிள்ளைகள் தங்கள் புரோகிராம்தான் தப்பு என்று ஒரு வாரம் தலையைப் பிய்த்துக்கொள்வார்கள். வருடத்துக்கு ஒரு முறை மொத்தமாக மாற்றிவிடுங்கள். செலவு குறைவு.

டிஎச்டி11 ஈரப்பத சென்சார் இந்தக் கரைக்குப் பொருந்தவில்லை. அதன் அளவெல்லை 80, 90 சதவீதத்தோடு நின்றுவிடும், பிழையோ 5 சதவீதம். இங்கே அதிகாலை ஈரப்பதம் அதற்கு மேல் போகும் நாட்கள் சாதாரணம். டிஎச்டி22 வாங்குங்கள். மண் ஈர சென்சாரில் முள்கரண்டி மாதிரி இரண்டு கால் உள்ளதைத் தொடவே வேண்டாம். உவர் மண்ணில் மின்சாரத்தோடு விட்டுவைத்தால் சில நாளில் ஒரு காலின் பூச்சு கரைந்துபோகும். ஒரே பட்டையாக வரும் கெபாசிட்டிவ் வகைதான் நிற்கும். அதன் தலைப்பகுதிக்கும் விளிம்புக்கும் நெயில் பாலிஷ் இரண்டு கோட்டிங் கொடுக்க வேண்டும். முண்டு மிளகாய் வயலில் சொட்டுநீர் சோதனை செய்யும் பிள்ளைகளுக்கு இது ஒன்றுதான் வழி.

கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியது டிடிஎஸ் சென்சார். தண்ணீரில் கரைந்த உப்பை அளப்பது, இந்த மாவட்டத்தில் எல்லா வீட்டுக்கும் பொருள்படுகிற அளவு. கிட்டில் வரும் சாதாரண வகை 1,000 பிபிஎம் (லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம்) வரைதான் அளக்கும். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் 500 என்கிறது, வேறு வழியில்லாத இடத்தில் 2,000 வரை அனுமதிக்கிறது. அதாவது, ‘குடிக்கலாமா வேண்டாமா’ என்ற கேள்வி எங்கே கடுமையாக எழுகிறதோ அந்த இடத்தில் இந்த சென்சார் ஊமையாகிவிடுகிறது. 1,400 உள்ள கிணறும் 3,000 உள்ள கிணறும் இதற்கு ஒன்றுதான். கடல் தண்ணீர் சுமார் 35,000. அதைப் பற்றிப் பேச்சே இல்லை.

இதற்கு மாற்று உண்டு, நல்ல பாடமும்கூட. பேட்டரிக்கு ஊற்றும் வாலைவடி நீர் 490 மில்லியும் கடல் நீர் 10 மில்லியும் ஊசி போடும் சிரிஞ்சால் அளந்து கலக்குங்கள். இது 50 மடங்கு நீர்த்த கரைசல். சென்சார் 700 காட்டினால் 35,000 என்று கணக்கு. பிழை எங்கே வரும்? வாலைவடி நீருக்குப் பதில் கேன் தண்ணீர் ஊற்றினால் வரும். கேன் தண்ணீர் தானே 60 பிபிஎம் என்றால், 60-ஐ 49-ஆல் பெருக்கினால் 2,940. அவ்வளவும் கடலின் கணக்கில் போய்ச் சேரும். ஆகவே கலக்குவதற்கு முன் வெறும் தண்ணீரையும் அளந்து, அந்தத் தொகையைக் கழிக்க வேண்டும். இது தோராயம்தான், துல்லியம் வேண்டுமென்றால் கையடக்க உப்புமானி ஒன்று வாங்கலாம். அதன் கண்ணாடியில் இரண்டு சொட்டு விட்டு வெளிச்சத்தில் பார்த்தால் கோடு தெரியும். பேட்டரியே வேண்டாம். மூன்று சாதாரண ரோபோ கிட்டுக்குப் பதில் இதில் ஒன்று பட்டியலில் இருந்திருக்கலாம் என்பது எங்கள் ஆதங்கம்.

பெட்டியிலேயே எங்களுக்கு மிகப் பிடித்தது டிஎஸ்18பி20 வெப்ப சென்சார், ஸ்டீல் குழாய்க்குள் அடைத்து மூன்று ஒயரோடு வருவது. மண்டபம் பக்கம் மூங்கில் மிதவையில் கப்பாஃபைக்கஸ் என்ற கடற்பாசி வளர்க்கிறார்களே, ஊர்ப் பேச்சில் இன்னும் ‘பெப்சி பாசி’, அதற்குச் சூடு ஆகாது. கடல் சூடானால் பாசி வெளுத்து உதிரும். 12 அடிக்கு 12 அடி மிதவையில் 45 நாள் காத்திருந்து அறுப்பவர்களுக்கு, தண்ணீரின் சூடு தினமும் எப்படி ஏறி இறங்குகிறது என்ற பதிவு உண்மையிலேயே பயன்படும். சென்சாரின் டேட்டா ஒயருக்கும் பவர் ஒயருக்கும் நடுவே 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று கட்டாயம். ரெசிஸ்டர் இல்லாமலோ ஒயர் விட்டுப்போயோ இருந்தால் திரையில் −127 என்று வரும். 85 என்று நிலைத்து நின்றால் சென்சார் அளக்கவே தொடங்கவில்லை, பவர் சரியாகப் போகவில்லை என்று பொருள். இந்த இரண்டு எண்ணையும் லேப் சுவரில் எழுதி ஒட்டிவையுங்கள்.

சோதிக்க ஐஸ் கம்பெனியிலிருந்து ஒரு கட்டி போதும். நொறுக்கி, டம்ளரில் நல்ல தண்ணீரோடு நிரப்பி, கலக்கிக்கொண்டே இரண்டு நிமிடம் சென்சாரை விட்டால் 0-க்கு அரை டிகிரிக்குள் காட்ட வேண்டும். மீனுக்குப் போட்ட ஐஸை எடுத்தால் உப்புச் சேர்ந்து 0-க்குக் கீழே இறங்கும், சென்சாரைக் குறை சொல்லாதீர்கள். கடலில் விடுவதற்கு முன் ஒயர் குழாய்க்குள் நுழையும் வாயை அரால்டைட் வைத்து அடைத்து, மேலே சூட்டில் சுருங்கும் பிளாஸ்டிக் குழாய் போட வேண்டும். விலை குறைந்த குழாய்களில் தண்ணீர் நுழைவது அந்த வாய் வழியாகத்தான்.

ஜிபிஎஸ் மாட்யூலுக்கு வருவோம். ராமநாதபுரத்துக் கண்காட்சி என்றாலே ‘எல்லை தாண்டினால் அலறும் கருவி’ இல்லாமல் இருக்காது. பிள்ளைகளின் கவலை நியாயமானது, கருவிதான் பழசு. விசைப்படகுகளில் ஜிபிஎஸ் ஏற்கெனவே இருக்கிறது. எல்லை எங்கே என்று தெரியாததால்தான் தாண்டுகிறார்கள் என்ற ஊகமே முதலில் பரிசோதிக்கப்பட வேண்டியது. செய்தே தீருவோம் என்றால் சரியாகச் செய்யுங்கள். நாங்கள் பார்க்கும் மாடல்களில் பெரும்பாலானவை ஒரு புள்ளியை மையமாக வைத்து வட்டம் போடுகின்றன. எல்லை வட்டம் அல்ல. இந்தியா–இலங்கை 1974 ஒப்பந்தம் பாக் நீரிணைப் பகுதிக்கும் 1976 ஒப்பந்தம் மன்னார் வளைகுடாவுக்கும் புள்ளிகளைக் கொடுத்து, அவற்றை இணைத்த கோடுகளாக எல்லையைத் தருகின்றன. படகு எந்தக் கோட்டுத் துண்டுக்கு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணக்கிட வேண்டும். பத்தாம் வகுப்பு ஆயத்தொலை வடிவியலுக்கு இதைவிட நல்ல கணக்கு கிடைக்காது. இன்னொன்று: நியோ-6எம் மாட்யூல் கான்கிரீட் கூரைக்கு அடியில் செயற்கைக்கோளைப் பிடிக்காது. மைதானத்துக்குக் கொண்டுபோய், ஆன்டெனாவின் பீங்கான் சதுரம் வானத்தைப் பார்க்கும்படி வைத்து, சிறு விளக்கு விட்டு விட்டு எரியும்வரை காத்திருங்கள். முதல் தடவை பல நிமிடம் ஆகலாம். லேப் மேஜையிலேயே சோதித்து ‘பழுது’ என்று திருப்பி அனுப்புவது வீண்.

ஒலி அனுப்பித் தூரம் அளக்கும் அல்ட்ராசானிக் சென்சார், மோட்டார், சொன்ன கோணத்துக்குத் திரும்பும் சர்வோ மோட்டார் பற்றிச் சுருக்கமாக. எச்.சி-எஸ்ஆர்04 என்ற இரண்டு கண் அல்ட்ராசானிக் சென்சார் தண்ணீர்த் தொட்டிக்கு ஆகாது. அந்த இரண்டு கண்ணிலும் ஆவி படிந்து உப்பு ஏறும். ஒற்றைக் கண் உள்ள, ஒயர் நீண்ட நீர்புகா வகை வாங்கலாம், ஆனால் 20, 25 சென்டிமீட்டருக்கு உள்ளே அதற்குக் கண் தெரியாது என்பதால் தொட்டி மூடியில் அந்த அளவு உயர்த்தி மாட்ட வேண்டும். 9 வோல்ட் சதுர பேட்டரியில் மோட்டார் ஓட்டாதீர்கள்; அதில் வோல்ட் இருக்கும், தெம்பு இருக்காது. சர்வோ திரும்பும்போதெல்லாம் போர்டு அணைந்து எரிந்தால் சர்வோவுக்குத் தனி 5 வோல்ட் கொடுத்து, அந்தப் பவரின் மைனஸ் ஒயரை மட்டும் போர்டோடு சேர்த்துவிடுங்கள்.

முப்பரிமாண பிரிண்டர்தான் எல்லாரும் படம் எடுத்துக்கொள்ளும் சாமான். 5-க்கு 2 கொடுக்கிறோம். கருவி மட்டம் அல்ல, சூழ்நிலை பொருந்தவில்லை. பிரிண்டர் உருக்கி அச்சிடும் பிளாஸ்டிக்கான பிஎல்ஏ இழை ஈரத்தை இழுக்கும். ஈரமான இழை சூடான மூக்கில் நுழையும்போது கடுகு வெடிப்பது மாதிரி சத்தம் வரும், பொருளின் மேல் சிலந்தி நூல் மாதிரி இழைகள் தொங்கும். சுருளை 45 முதல் 50 டிகிரியில் நாலைந்து மணி நேரம் காயவைத்து, டப்பாவுக்குள் வைத்தபடியே இழையை வெளியே எடுக்க வேண்டும். அடுத்தது நேரம். கைப்பிடி அளவு டப்பா ஒன்று அச்சாக ஐந்து ஆறு மணி நேரம் பிடிக்கும். பள்ளி நேரமே அவ்வளவுதான். நடுவில் கரண்ட் போனால் மறுபடி முதலிலிருந்து. கடைசியாக வெயில். பிஎல்ஏ 60 டிகிரிக்குக் கிட்டே தளர்ந்துவிடும். மதிய வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் விட்ட பொருள் நெளிந்துபோகும். வள்ளத்தின் மேல் வைக்கப்போகும் எதற்கும் சூட்டை இன்னும் தாங்கும் பெட்ஜி இழை வாங்குங்கள். டப்பா மட்டும்தான் தேவை என்றால் பிவிசி குழாயும் இரண்டு மூடியும் சால்வென்ட் சிமென்டும் அரை மணி நேரத்தில் வேலையை முடித்துவிடும், தண்ணீரும் புகாது. 

பி3 கைக்கருவித் தொகுப்புதான் உண்மையான சொத்து. 5-க்கு நாலரை. மல்டிமீட்டர், வெர்னியர், டிரில், சால்டரிங் எல்லாம் மற்ற சென்சார்கள் செத்த பிறகும் நிற்கும். தேங்காய் எண்ணெய் தடவாதீர்கள், நாளானால் பிசினாகிவிடும். தையல் மிஷின் எண்ணெய் போதும். மல்டிமீட்டரின் ஃபியூஸ் பத்து வாங்கிவையுங்கள். ஆம்பியர் துளையில் ஒயரை வைத்தபடியே வோல்ட் அளக்கப் போவதால்தான் அது போகிறது.

பொருளை விட்டு ஆட்களுக்கு வந்தால், திட்டத்தில் ‘மென்டார்’ என்ற ஏற்பாடு உண்டு. தன்னார்வலர்கள் வாரத்துக்கு ஒன்றிரண்டு மணி நேரம் பிள்ளைகளுக்கு வழிகாட்டுவார்கள். நல்ல ஏற்பாடு, ஆனால் பதிவு இணையத்தில் நடப்பதால் வருபவர்கள் பெரும்பாலும் பட்டதாரிகள், நிறுவனங்களில் வேலை பார்ப்பவர்கள். உப்புத் தண்ணீரில் எந்த ஸ்டீல் நிற்கும், எது புள்ளி விழும் என்று கேட்டால் 304, 316 என்று ஸ்டீல் ரகத்தை அனுபவத்திலேயே சொல்லும் டீசல் மெக்கானிக் துறைமுகத்தில் இருக்கிறார். அவரை எந்தப் படிவமும் தடுக்கவில்லை, யாரும் கூப்பிடவில்லை, அவ்வளவுதான். தலைமை ஆசிரியர் மாதம் ஒரு சனிக்கிழமை அவரை அழைத்து, வருகைப் பதிவேட்டில் பெயர் எழுதி, ‘அண்ணே’ என்று பிள்ளைகள் கேள்வி கேட்கும்படி உட்கார வைத்தால் போதும்.

பிள்ளைகளின் யோசனை வெளியே போக இன்ஸ்பயர்-மானக் என்ற மத்திய அரசு விருதுத் திட்டம் இருக்கிறது. ஒரு பள்ளியிலிருந்து 5 யோசனைகள் வரை அனுப்பலாம். தேர்வானால் மாதிரி செய்ய 10,000 ரூபாய் பிள்ளையின் வங்கிக் கணக்குக்கே வரும். கணக்கில் உள்ள பெயரும் பள்ளிப் பதிவில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா, கணக்கு உயிரோடு இருக்கிறதா என்று அனுப்புவதற்கு முன்பே பாருங்கள். இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. பாசி எடுக்கப் போகும் அம்மாவோ மெக்கானிக் சித்தப்பாவோ தாமே கண்டுபிடித்து வைத்திருக்கும் கருவியைப் பிள்ளையின் பெயரில் அனுப்பக் கூடாது. பேராசிரியர் அனில் குப்தா தொடங்கிய ஹனிபீ வலையமைப்பு முதலிலிருந்தே பிடிவாதமாகச் சொல்வது இதைத்தான்: எளியவர்களின் அறிவை எழுதினால் அவர்கள் பெயரோடு எழுது. அந்த வழியில் 2000-ல் வந்த தேசிய புத்தாக்க அறக்கட்டளை, பட்டம் இல்லாத கண்டுபிடிப்பாளர்களுக்கென்றே தனிப் போட்டி நடத்துகிறது. அம்மாவின் கருவி அம்மா பெயரில் அங்கே போகட்டும். விண்ணப்பத்தைத் தட்டச்சு செய்து தருவது பிள்ளையின் வேலையாக இருக்கலாம்.

பணப் பக்கம் ஒரே ஒரு சிக்கலைச் சொல்லிவிடுகிறோம். அடுத்த தவணை வர முந்தைய தவணைக்குச் செலவுச் சான்றிதழ் போக வேண்டும். பொறுப்பு ஆசிரியர் மாறுதலாகிப் போனால் திட்ட இணையதளத்தின் பாஸ்வேர்டும், ஓடிபி வரும் கைபேசி எண்ணும் அவரோடு போய்விடும். தொடக்கத்திலேயே பள்ளிக்கென்று ஒரு சிம், ஒரு மின்னஞ்சல். பில்கள் அன்றன்றே நகலெடுத்து ஒரு கோப்பில்.

ஏப்ரல் 14 அம்பேத்கர் பிறந்தநாளை ஒட்டி இந்த லேப்களில் சமூக நாள் கொண்டாடுகிறார்கள், அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கும் கதவு திறக்கும். மறுநாள் ஏப்ரல் 15-ல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி, ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கும். இன்ஜின் இறங்கும், பலகை மாறும், வெல்டிங் பொறி பறக்கும். வருடத்தின் மிகப் பெரிய பட்டறை பள்ளிக்கூடத்துக்கு நடை தூரத்தில் நடக்கும். அதில் பெரும் பகுதி நாட்கள் லேப் கோடை விடுமுறைப் பூட்டுக்குள். சாவிக்கு இரண்டு பிரதி எடுத்து, ஒன்றைப் பள்ளி மேலாண்மைக் குழுவில் படகு வேலை தெரிந்த ஒரு பெற்றோரிடம் கையெழுத்து வாங்கிக் கொடுங்கள். பிரிண்டரை மூடிவைத்துவிடலாம். மல்டிமீட்டரும் வெர்னியரும் அந்த 61 நாளும் கரையில் இருக்கட்டும்.